சட்டைப்பையில் இருந்த கங்கு

1

இன்றோடு இரண்டு வருடம் ஆகிறது.

டென்மார்க்கில் இன்று ஏதோ கிறிஸ்தவப் பண்டிகைக்கு விடுமுறை. பத்தொன்பது வருடம் இங்கே குப்பை கொட்டியும் எந்தப் பண்டிகை எதற்கென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் வேலை பார்க்கும் அச்சகம் மூடியிருக்கும் என்பது மட்டும் தெரியும். மனைவி மகேஸ்வரிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே விடுமுறை கிடையாது, காலையிலேயே போய்விட்டாள். மகள் கயலுக்குப் பதினைந்து வயது, உள்ளே கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் பால்கனியில் புகையிலை டப்பாவையும் பைப்பையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கயல் கோபித்துக்கொண்டதற்கு நான்தான் காரணம். பள்ளியில் வேதியியலுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். வாணவேடிக்கையில் பச்சை எப்படி வருகிறது, சிவப்பு எப்படி வருகிறது என்று பெரியப்பாவிடமே கேட்டுவிடலாம் என்று, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சிவகாசிக்குப் போன் போட்டுவிட்டாள். திரையில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். 'எடுக்காதீங்க அண்ணே, எடுக்காதீங்க' என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. தாங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் குரல் சொன்னபிறகுதான் மூச்சு வந்தது. கயல் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும்.

போன் அணைந்திருந்தால் நல்லது. அணைந்திருக்கச் சொன்னதே நான்தான். ஆனால் அணைந்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. உடனே திருத்தங்கல் வீட்டிலிருக்கும் மதினியைக் கூப்பிட்டேன்.

"சத்தம் ஏதும் கேட்டுச்சா மதினி?"

"இல்ல தம்பி. ஒண்ணும் கேக்கல. நான் வாசல்லதான உக்காந்திருக்கேன்."

இப்போதெல்லாம் நாங்கள் நலம் விசாரிப்பது இப்படித்தான். மணி இங்கே பதினொன்று நாற்பது, அங்கே மூன்று பத்து. ஐந்து மணிக்கு அண்ணனுக்கு வேலை முடியும். அழுத்திச் செய்த புகையிலையை அணையாமல் பார்த்துக்கொண்டால் ஒரு பைப் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குள் இதை எழுதி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

2

குட்டி ஜப்பான் என்கிற சிவகாசியிலிருந்து வந்தவனுக்கு ஒரு பைப்பைப் பற்றவைத்து வைத்திருக்கத் தெரியவில்லை என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு ஒரு பைப் முடிவதற்குள் ஏழு தீக்குச்சி ஆகிறது.

நான் பட்டாசுத் தொழிலில் இருந்ததில்லை. திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டியவன். துபாய் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். வந்த நாலாவது குளிர்காலத்தில் பைப் பிடிக்க ஆரம்பித்தேன். சிகரெட் இங்கே விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது என்று மகேஸ்வரியிடம் சொன்ன காரணம் பொய். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது. பால்கனியில் பிடித்தாலும் மேல்வீட்டுக்காரர் குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிப் போடுவார். சங்கத்திலிருந்து எனக்கு இதுவரை மூன்று கடிதம் வந்திருக்கிறது, மூன்றிலும் அன்புள்ள என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள்.

அழுத்திச் செய்த புகையிலை என்பது இலையை அடுக்கி, ஆவி காட்டி, பாரம் வைத்து நசுக்கி, கட்டியாக்கி, மெல்லிய துண்டாக அறுத்தது. டப்பாவைத் திறந்தால் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும். அதை அப்படியே பைப்பில் திணித்துப் பற்றவைத்தேன். எரியவில்லை. நாலு தடவை அணைந்ததும் கடைக்குப் போய், அணையாத புகையிலை இருந்தால் கொடுங்கள் என்று என் டேனிஷில் கேட்டேன். வெடிக்காத புகையிலை கொடுங்கள் என்று என் வாயில் வந்திருக்கிறது. கடைக்காரம்மா ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, எந்த ஊர் நீங்கள் என்று கேட்டாள்.

அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பட்டையை உள்ளங்கையில் வைத்துப் பதமாகத் தேய்த்து உதிர்க்க வேண்டும். ஈரம் போகக் கால் மணி நேரம் ஆறப்போட வேண்டும். அடியில் தளர்வாக, மேலே கொஞ்சம் இறுக்கமாக நிரப்ப வேண்டும். முதல் தீ கணக்கில் வராது. அது மேற்பரப்பைக் கருக்கி உப்ப வைக்க மட்டும். அதை லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது தடவை வைக்கிற தீதான் நிற்கும். அதன்பிறகு அவசரப்படக் கூடாது. வேகமாக இழுத்தால் நாக்கு வெந்துவிடும், மறந்துவிட்டால் அணைந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காத மாதிரி மெதுவாக உறிஞ்ச வேண்டும்.

அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். மேலே சாம்பல் தெரிகிறது, இழுத்தால் புகை வரவில்லை என்பதற்காக அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நசுக்கிய புகையிலை நடுவில் கங்கை வைத்துக்கொண்டிருக்கும். கையால் தொட்டுப் பாருங்கள், சூடு இருந்தால் உயிர் இருக்கிறது என்றாள். எப்படி அணையாமல் வைத்திருப்பது என்பதிலேயே என் கவனம் இருந்ததால் இதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3

இரண்டு வருடம் முன்பு, இதே நாள், ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் வேல்முருகன் அப்போது விஸ்வநத்தத்தைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வெயில் ஏறும் முன்பே வெடிமருந்து கலக்கும் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். அதனால் விடியற்காலையில் எழுந்து ஓடுவார். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் மாத்திரையை மறந்துவிட்டார்.

"தம்பி, உங்க அண்ணன் சுகர் மாத்திரைய வச்சுட்டுப் போயிட்டாக," என்றார் மதினி. "போடலேன்னா கிறுகிறுன்னு வரும். பைக்குல ஒரு எட்டு குடுத்துட்டு வந்துருங்க."

கம்பெனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. அங்கே நிறுத்தி, டீ சொல்லிவிட்டு, பைப்பைப் பற்றவைத்தேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன், மறைப்பானேன். பாதியில் அணைந்தது. டீயைக் குடித்துவிட்டு, மீதிப் புகையிலையைக் கொட்ட மனமில்லாமல், கட்டைவிரலால் மேலே ஒரு அமுக்கு அமுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் பால்சாமி இருந்தார். என் அண்ணன் சேர்ந்த காலத்திலிருந்து அங்கே வாட்ச்மேன்.

"வாங்க தம்பி, எப்ப வந்தீக? செல்லு, தீப்பெட்டி, பீடி எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க."

செல்போனைக் கொடுத்தேன். லைட்டரைக் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். அவர் என் இடுப்பைத் தடவி, சட்டையைத் தடவினார்.

"இது என்ன தம்பி?"

"பைப்பு. வெளிநாட்டுச் சுருட்டுன்னு வச்சுக்கோங்களேன்."

"தீ இல்லேல்ல?"

"லைட்டரைத்தான் உங்க கையிலயே குடுத்துட்டேனே."

அவர் சிரித்தார். போர்மேனின் தம்பி, வெளிநாட்டுக்காரன், கேட்காமலே லைட்டரை எடுத்து நீட்டியவன். உள்ளே விட்டார்.

இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரன்தான் செய்வான். எங்களுக்குத் தீ என்றால் தீப்பெட்டி. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு கேட்டிலும் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதைக் கொடுத்துவிட்டால் உடம்பில் இனித் தீ இல்லை என்று மனசு முடிவுகட்டிவிடும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பயந்துபோய்ப் பைப்பையும் வெளியே வைத்திருப்பான்.

உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தனித்தனியாக அறைகள், வெடித்தால் தப்பிக்க ஒவ்வொன்றுக்கும் நாலு வாசல். மணலில் வெறுங்காலோடு நடந்து போனேன். அண்ணன் மருந்து ரூம் வாசலுக்கு வந்தார். தலை முதல் கால் வரை அலுமினியப் பொடி, வெயிலில் மின்னினார். அடுத்த அறையில் நாலு பெண்கள் உட்கார்ந்து குழாயில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஏலே, என்ன வாடை?"

"என்ன வாடை?"

"ஆடாத. அங்கனயே நில்லு."

அவர் கண் என் சட்டைப்பையில் இருந்தது. குனிந்து பார்த்தேன். பையின் துணியில் காலணா அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம். பைக்கில் வந்தபோது அடித்த காற்றில் கங்கு நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். நெஞ்சில் சுட்டதை வெயில் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணன் வாசலில் கிடந்த ஈரச்சாக்கை எடுத்தார். முதலில் தன் இரண்டு கையையும் அதில் துடைத்தார். பிறகு சாக்கோடு சேர்த்து என் நெஞ்சை மூடி, உள்ளே கைவிட்டுப் பைப்பைப் பொத்தி எடுத்தார். பட்டாசுக் கம்பெனியில் எது நடந்தாலும் ஓடக் கூடாது. அவர் ஓடவில்லை. சாக்கை நெஞ்சோடு அணைத்தபடி ஒவ்வொரு அடியாக வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தார். அந்தப் பன்னிரண்டு அடியை நான் இந்த இரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். தொட்டிக்குள் சாக்கை முக்கினார். சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். மற்ற மூன்று பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போ," என்றார் அண்ணன். "ஓடாம போ. வீட்டுக்குப் போயிச் சட்டையக் கழத்தித் தண்ணியில போடு."

நான் திரும்பினேன்.

"மாத்திரையக் குடுத்துட்டுப் போலே."

4

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்த பெண் சொல்லி விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டதாம்.

"சத்தம் போட்டாரு. அம்புட்டுதான். நீ ஊருக்குப் போற சோலியப் பாரு."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டேன். அதன்பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் கூப்பிடுவார், வேலை எப்படி என்றால் சீசன்தானே, பறக்குது என்பார். வேலை நாளில் நான் கூப்பிடுவதில்லை. அவர் போன்தான் கேட்டில் பெட்டிக்குள் இருக்குமே.

பைப்பை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். எட்டு மாதம் விட்டேன். மறுபடி ஆரம்பித்தபோது ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிடித்து முடித்ததும் பைப்பை அப்படியே தண்ணீர்க் குவளைக்குள் போட்டுவிடுவேன். மரப் பைப் அது, ஊறினால் விண்டுபோகும். இரண்டு பைப் விண்டுவிட்டது. மூன்றாவது வாங்கப் போனபோது கடைக்காரம்மா, நீங்கள் இதை என்னதான் செய்கிறீர்கள் என்று கிட்டத்தட்ட அழுதாள். எனக்குச் சொல்ல டேனிஷ் போதவில்லை. தமிழும் போதாது.

வருடப் பிறப்புக்கு இங்கே தெருவெல்லாம் ராக்கெட் விடுவார்கள். கயல் தோழிகளோடு சேர்ந்து பை நிறைய வாங்கி வந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பாவுக்குப் பட்டாசு என்றால் பயம், அதுவும் சிவகாசிக்காரர் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவளிடம் நான் இதுவரை எதுவும் சொன்னதில்லை. அவள் எனக்குத் தூரமாகிப் போகிறாள் என்று இத்தனை நாள் மொழியையும் நாட்டையும் திட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தூரம் நான் சொல்லாமல் விட்டதால் வந்தது.

5

போன மாதம் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அலுவலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். என் அம்மாவின் பிறந்த தேதி ஒரு படிவத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கிறதாம். எது சரி என்று அங்கிருந்த பெண் மிகவும் பணிவாகக் கேட்டாள். இரண்டுமே நான் அடித்துவிட்டதுதான். எங்கள் அம்மாவுக்கே அவள் பிறந்த தேதி தெரியாது. பதற்றத்தில் நேரம் பார்க்காமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது மதியம் இரண்டரை.

இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"சொல்லுலே."

பின்னால் சல்லடை சலிக்கும் சத்தம். ஒரு பெண் குரல், "அண்ணே, மருந்து பத்தாது, இன்னுங் கொஞ்சம் சலிச்சுத் தாங்க," என்றது.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான்."

"வேலையிலன்னா செல்லு எப்படிக் கையில?"

"சோலி கிடக்குலே. அப்புறம் பேசுதேன்," என்று வைத்துவிட்டார்.

அலுவலகப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். தேதி தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கோப்பு இன்னும் அப்படியே கிடக்கிறது.

வெளியே வந்து மதினியைப் பிடித்தேன். முதலில் மழுப்பினார். பிறகு அழுதார். முதலாளி முன்னால் அண்ணன், 'பால்சாமி தடுக்கத்தான் செய்தார், நான்தான் தம்பியை உள்ளே விடச் சொன்னேன்' என்று பழியைத் தானே ஏற்றுக்கொண்டாராம். பால்சாமிக்கு வேலை தப்பியது. அண்ணனுக்கு அன்றோடு போயிற்று.

"தீ கொண்டாந்தவன்னு பேராயிப் போச்சு தம்பி. ஒரு கம்பெனியிலயும் சேத்துக்கல. ஆறு மாசம் சும்மா கிடந்தாக. இப்ப ஆனைக்குட்டத்துக்கு அங்கிட்டு, காட்டுக்குள்ள ஒரு தகரக் கொட்டகை. லைசென்சும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

"எத்தனை வாசல் மதினி?"

"ஒண்ணுதான்."

அன்றிரவு அண்ணனோடு சண்டை போட்டேன். வேலையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "இருபது வருசமாப் போர்மேனா இருந்தவன், ஒன் கையப் பாத்துட்டு உக்காரவா? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்லே," என்றார். முதலாளியிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். சொல்லிக்கோ, பால்சாமிதான் இப்போ இல்லையே, இனி யார் வேலை போகப்போகுது என்றார். பால்சாமி தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

மறுநாளே முதலாளிக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க கொண்டாந்தீகளோ அவர் கொண்டாந்தாரோ, போர்மேன் இருக்கும்போது உள்ள வந்துச்சா இல்லையா தம்பி?" என்றார். நான் விடவில்லை. கெஞ்சினேன். "சரி, தீபாவளி முடியட்டும், பாப்போம்," என்றார்.

ஆக, தீபாவளி வரைக்கும் என் அண்ணன் அந்த ஒற்றை வாசலுக்குள் உயிரோடு இருக்க வேண்டும். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கம்பெனியின் பெயரையும் ஊர்க்காரர்கள் பெயரையும் நான் மாற்றியோ விட்டோ எழுதியிருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. தீயை உள்ளே கொண்டுபோனவன் நான். அங்கே அண்ணனைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

என்னால் அவரிடம் கேட்க முடிந்தது செல்போன் ஒன்றைப் பற்றித்தான். கொட்டகைக்குள் கொண்டுபோகாதீர்கள், அணைத்து வெளியே வையுங்கள் என்று தினமும் நச்சரித்தேன். "கேட்டே இல்லாத இடத்துல எங்கலே வைக்க?" என்று சிரித்தாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

6

மணி ஒன்று இருபத்தைந்து. ஊரில் ஐந்தாக ஐந்து நிமிடம். புகையிலை இதுவரை ஐந்து தடவை அணைந்துவிட்டது. எழுத எழுத இழுக்க மறந்துவிடுகிறேன். நடுவில் கயல் கதவைத் திறந்து வந்தாள். என் எதிரில் இருந்த இந்தத் தாள்களைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். உட்கார், சொல்கிறேன் என்றேன். சொன்னேன். தண்ணீர்க் குவளைக்கு வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து ஆயிற்று. ஐந்து ஐந்து. ஐந்து பத்து. கயல்தான் போனை வைத்திருந்தாள். ஐந்து பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

"என்னலே, பிள்ள கூப்புட்டிருக்கா? மெசேஜ் வந்து கிடக்கு."

"அண்ணே..."

"நீ சொன்னேன்னுதான் செல்ல அணைச்சு மஞ்சப்பையில போட்டு, அந்தா தூரத்துல வேப்பமரத்துல தொங்க விட்டிருக்கேன். அண்ணன் சொல்பேச்சுக் கேக்கலேன்னு இனிச் சொல்லாத."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. கயல் போனை வாங்கி, பச்சை எப்படி வருகிறது பெரியப்பா என்று தமிழிலேயே கேட்டாள். அவர் பேரியம் என்றார், பிறகு அது கெட்ட மருந்து, நீ தொடாத தாயி என்றார். வேலை முடிந்த களைப்பிலும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கும் நெஞ்சு லேசானது. இனி ஒவ்வொரு நாளையும் இப்படி ஐந்து மணிவரை தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியது.

"அப்பறம்லே," என்றார் அண்ணன், போன் என் கைக்குத் திரும்பியதும். "மதினிக்குப் பகல்ல போன் போடாத. ஆர்டர் கூடிப்போச்சு, ஆள் பத்தல. நாளையிலருந்து அவளும் எங்கூட வர்றா. அவ செல்லும் அந்தப் பையிலதான் கிடக்கும்."

அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பைப் மேசையில் இருந்தது. மேலே சாம்பல்தான் தெரிந்தது. அடியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. எடுத்துக் குவளைக்குள் போட்டேன்.

நாளையிலிருந்து, சத்தம் கேட்டதா என்று கேட்க எனக்கு அங்கே ஆள் இல்லை.